பதினாலாம் நம்பருக்கு வந்த கடிதம்

“…அப்போ நம்ம வூடு இங்கதான் கீதுன்னு அந்தத் தபால்காரன் ஒருத்தனுக்குத்தான் ஞாபகம் இருந்திருக்குது ஏட்டம்மா. நமக்கே மறந்துபோச்சி.”

பெரியவர் இதைச் சொன்னது கம்பெனி வாசல் அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. மேசைமேல் அவருடைய மகன் ராணுவத்திலிருந்து எழுதிய கடிதம் பிரிந்து கிடந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டியவள் நான். பதினோரு மாதம் அதை அவர் கைக்குப் போகவிடாமல் வைத்திருந்தவளும் நான்தான். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நான் ஏட்டும் இல்லை, போலீசும் இல்லை. ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் போகிற பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி. ஒன்பது வருஷமாக அதே வாசல், அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் மாற்றினார்கள். உள்ளே போகும் பெண்களின் பையைப் பார்ப்பது, போன்களை வாங்கிப் பெட்டியில் நம்பர் போட்ட சின்ன அறைகளில் வைப்பது, வரும் தபாலைப் பதிவேட்டில் ஏற்றுவது, இவ்வளவும் என் வேலை. என் நீலச் சட்டையையும் தோளில் இருக்கும் பட்டையையும் பார்த்துவிட்டு ‘ஏட்டம்மா’ என்று முதலில் கூப்பிட்டது அந்தப் பெரியவர்தான். பிறகு லாரி டிரைவர்கள் வரைக்கும் அது பரவிவிட்டது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பஜ்ஜி மடித்துத் தந்த தாளிலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விரித்த பேப்பரிலும்தான். ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். லைனில் வேலை பார்க்கும் ஒரு பெண், சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள், மூன்று நாள் தொடர்ந்து ஓ.டி. பார்த்துவிட்டு வெளியே வரும்போது சொன்னாள்: “அக்கா, என் ரூம்ல இருக்குற பல்லி என்னைப் பாத்து யார் நீன்னு கேக்குது.” அதற்குத் தேதிகூடப் போட்டு வைத்திருக்கிறேன்.

பெரியவர் சொன்னவை மட்டும் நாலு பக்கம் வரும். அவர் எங்கள் கம்பெனித் தோட்டத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு புல்தரைக்குத் தண்ணீர் விடுவார். அந்தப் புல்லை அவருக்குப் பிடிக்காது. “மாடும் துன்னக்கூடாதாம், மனுசனும் மிதிக்கக்கூடாதாம், அப்பறம் இன்னாத்துக்கு ஏட்டம்மா இது மொளைக்குது?” என்று ஒருநாள் கேட்டார்.  மேனேஜருக்குப் பிடிக்கும் மாமா என்றேன். “அப்ப அவரையே வந்து துன்னச் சொல்லு,” என்றார்.

அந்த இடம் அவருடையது. பேச்சுக்குச் சொல்லவில்லை. கம்பெனி நிற்கும் நிலத்தில் ஒரு பகுதியில் அவர் நெல் போட்டிருக்கிறார். இப்போது டூவீலர் நிறுத்தும் ஷெட் இருக்கும் இடத்தில் அவர் வீடு இருந்தது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் கிணறு; அதை மூடினது கிரஷர் மண்ணாலே என்று காலால் தட்டிக் காட்டுவார். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது தெரு முழுக்கப் போய்விட்டது. அவர் படப்பைப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். கொஞ்ச காலம் சும்மா உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத் தன் சொந்த நிலத்துக்கே வேலைக்கு வர ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் அவருக்குக் கொடுத்த நம்பர் பதினாலு. வாசலில் நான் எழுதுவது ‘கார்டன் 14’. சூப்பர்வைசர் கூப்பிடுவது “யோவ் பதினாலு.” நான் கூப்பிடுவது மாமா. அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்ப் பட்டியல் கான்ட்ராக்டரிடம் இருக்கும். எங்களுக்கு நம்பர் போதும்.

அவருக்கு ஒரே மகன். ராணுவத்தில் இருக்கிறான். இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம் இந்த நிலம்தான். கையெழுத்துப் போட்ட அன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், ஊர்க்காரர்கள் எல்லோரும் நிற்கையில், லீவில் வந்திருந்த மகன் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். அந்த வார்த்தை என்ன என்று பெரியவர் என்னிடம் சொன்னதில்லை. “எனக்கு இனிமே போன் பண்ணாத,” என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் பிறகும் ஐந்தாறு தடவை பண்ணியிருக்கிறான். இவர் எடுத்து, அவன் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அப்புறம் அவன் பண்ணவில்லை. பக்கத்து வீட்டுப் போனில் அம்மாவோடு மட்டும் பேசுவான்.

போன் வராமல் போன பிறகுதான் இவருக்கு அந்தப் போன்மேல் பைத்தியம் பிடித்தது. ஷிஃப்ட் முடிந்து டோக்கனை நீட்டுவார். பதினாலாம் அறையிலிருந்து போனை எடுத்துக் கொடுப்பேன். மற்றவர்கள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது இவர் மட்டும் மேசை ஓரமாக நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு மிஸ்டு கால் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். எட்டு மணி நேரம் போன் பெட்டிக்குள் கிடக்கிறது, அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டிருந்தால்? அதுதான் அவர் கணக்கு. “இன்னா மாமா, யாராச்சும் பண்ணாங்களா?” என்று கேட்பேன். “லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு கேட்டுக்கினே கீது. அதுக்குத்தான் நம்ம மேல பாசம்,” என்பார்.

நீங்களே ஒரு தடவை பண்ணக்கூடாதா என்று நான் கேட்டதுண்டு. “சொன்ன வாய் அவன்து. மொதல்ல அவன்தான் வரணும்,” என்றார்.

போன கார்த்திகையில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், புதுத் தபால்காரர் ஒரு கட்டுத் தபாலை மேசைமேல் வைத்தார். பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவருக்கு ஆட்களைத் தெரியாது, இடத்தைத்தான் தெரியும். பழைய தெருவின் பெயரில் எது வந்தாலும் அந்தத் தெரு இப்போது எங்கள் காம்பவுண்டுக்குள் இருப்பதால் எங்கள் வாசலில் கொடுத்துவிடுவார். பேங்க் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, இப்படி மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும்.

அன்றைக்கு அந்தக் கட்டில் ஒரு கடித உறை இருந்தது. பேனாவால் எழுதிய முகவரி. ஒரு பெயர், கதவு எண், தெரு. நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். உறைமேல் முத்திரை குத்தினேன். அதற்குள் தேதியும் பதிவேட்டு நம்பரும் எழுதினேன். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன். நிரந்தர ஊழியர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை. ‘ஆள் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதி, பீரோமேல் இருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டேன். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அனுப்பியவனின் ராணுவ முகவரி தெரிந்திருக்கும். நமக்குத் தெரிந்து ராணுவத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன். அந்த நேரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போய்விட்டேன். வாசலுக்கு அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில், மழை பெய்கையிலும் புல்லுக்குத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே நின்றிருந்தார் அந்தக் கடிதத்துக்குச் சொந்தக்காரர்.

அந்த மாதங்களில்தான் எல்லையில் சண்டை. கேன்டீன் டி.வி.யில் எந்நேரமும் அதே செய்தி. பெரியவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஆனால் சாப்பிடமாட்டார், காதால் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி மாதம் அவர் மனைவி இறந்துபோனார். காலையில் நெஞ்சு வலி என்றார்களாம், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மகன் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பாலுக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் படப்பைக்குப் போனோம். மகனை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். உயரமான பையன், முடி ஒட்ட வெட்டியிருந்தான். அப்பாவும் மகனும் ஒரே பந்தலுக்குள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். யாரோ இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்போது அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். துக்கத்தில் கேட்கிற கேள்வியாக அது இல்லை என்பதால் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“உன் போன் நல்லா கீதா?”

பெரியவர் அவனைப் பார்க்காமலே, “நல்லாத்தான் கீது,” என்றார்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவ்வளவுதான். பிறகு சாப்பாடு போட்டபோது பெரியவர் மனசு பொறுக்காமல், பந்தியில் உட்கார்ந்திருந்த மகனுக்குப் பின்னால் போய், இடது பக்கமாகக் குனிந்து, “சாப்டியாடா?” என்று கேட்டார். அவன் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை கேட்டார். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சோறு பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி, “மிலிட்டரி திமிரு, அம்மா செத்தும் அடங்கலை பாரு,” என்று என் காதில் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் தலையாட்டியதை இப்போது நினைத்தாலும் கழுத்து வலிக்கிறது. ஐந்தாம் நாளே அவன் கிளம்பிப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்புறம் வேலைக்கு வந்த பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் போனை வாங்கினால் பார்ப்பதில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். என் பதிவேட்டின் பின்பக்கத்தில் அவருக்கு ஒதுக்கியிருந்த தாளில் ஏழு மாதம் புதிதாக ஒரு வரிகூட ஏறவில்லை.

ஆயுத பூஜை எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் பெரிய விசேஷம். எந்த மிஷினும் ஓடாது. எல்லாவற்றையும் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். வாசல் அறைக்கும் உண்டு. முத்திரைக் கட்டைக்கும் பதிவேட்டுக்கும் நானே சந்தனம் வைப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை பீரோமேல் இருப்பதெல்லாம் கீழே இறங்குவது அன்றைக்குத்தான். பூஜைக்கு முதல் நாள் காலை அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவதற்காகப் பெரியவர் ஸ்டூல்மேல் ஏறியிருந்தார். அவரைக் கொஞ்சம் பேசவைக்கலாம் என்ற ஆசையில் நான் ஒவ்வொரு உறையாக எடுத்து, பெயரைப் பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது மாதிரி சத்தமாகப் படித்தேன். யாரெல்லாம் நம்ம கம்பெனிக்குள்ள குடும்பம் நடத்துறாங்க பாரு மாமா என்றேன்.

மூன்றாவது உறையையோ நான்காவது உறையையோ படித்தபோது ஸ்டூல்மேல் இருந்து, “உள்ளேன் டீச்சர்,” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார். கையில் இருந்த நூல்கண்டு உருண்டு போனதுகூடத் தெரியாமல், “இன்னொருதரம் படி,” என்றார். படித்தேன். “கதவு நம்பரு?” சொன்னேன். “அது என் பேரு ஏட்டம்மா. அந்த நம்பரு நம்ம வூட்டு நம்பரு.”

அப்போதுதான் உறையைத் திருப்பினேன்.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நீயே படி என்றார். ஆனால் நான் கிழிக்கப் போனபோது தடுத்து, எந்தத் தேதி என்று கேட்டார். முத்திரைக்குள் இருந்த தேதியைச் சொன்னேன். என் கையெழுத்தில் இருந்த நம்பரை என் கட்டைவிரல் மூடிக்கொண்டிருந்தது. அவர் விரல் விட்டு மாதத்தை எண்ணினார். மாசிக்கு வந்ததும் நிறுத்தி, “அப்போ அவ உசிரோட இருந்தா,” என்றார்.

கடிதம் நாலு பக்கம். கட்டம் போட்ட நோட்டுத் தாள். ‘அப்பாவுக்கு’ என்று ஆரம்பித்து, ‘நீங்கள்’ என்று மரியாதையாக எழுதியிருந்தான்.

“போன் செய்தால் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். இது கடிதம், கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். இடத்தின் பெயரை எழுதக்கூடாது. மலை, குளிர், அவ்வளவுதான். ஐந்து பேர் ஒரு கல் அறையில் இருந்தோம். கீழே ஆடு மேய்க்கிறவர்கள் உண்டு. தினமும் விடிகிற நேரத்தில் ஆடுகள் எங்கள் பக்கமாக ஏறி வரும். முன்னால் வருகிற ஆட்டின் கழுத்தில் மணி இருக்கும். அந்த மணி கேட்டால் எங்களுக்கு டீ நேரம். யாரும் கடிகாரம் பார்க்க மாட்டோம்.

“அன்றைக்கும் மணி கேட்டது. என்னோடு இருந்த மதுரைக்காரன் ஸ்டவ்வைப் பற்றவைத்தான். ‘இன்னைக்காச்சும் ஒரு கிடா வழி தப்பி உள்ள வரட்டும்டா, நாக்கு செத்துப்போச்சு’ என்றான். நான் சிரித்துக்கொண்டே டம்ளரைத் துடைத்தேன். மணி பக்கத்தில் வந்துவிட்டது. ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.”

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். பெரியவர், “மணியை ஆளு கையில வெச்சிக்கினு வந்துகீறான்,” என்றார். அவருக்கு ஆடு தெரியும். எனக்கு அவர் சொல்லித்தான் புரிந்தது.

“முதல் குண்டு ஸ்டவ் இருந்த மூலையில் விழுந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. எல்லோருடைய வாயும் அசைகிறது, சத்தம் இல்லை. கல்லுக்குப் பின்னால் படுத்துச் சுட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேல் முகாமிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மதுரைக்காரன் இல்லை. நான் துடைத்து வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. தினமும் கேட்கிற சத்தம்தானே என்று ஒருவனும் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை அப்பா. எழுந்திருந்தால் அவன் இருந்திருப்பான்.”

இந்த இடத்திலிருந்து ‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. எழுத்தும் சாய ஆரம்பித்திருந்தது. படிக்கிற எனக்கே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல உன்னைப் பாத்து நீ அப்பனா புரோக்கரான்னு கேட்டேன். அங்கே படுத்திருந்தப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சு. வர்றதுன்னு முடிவு பண்ணிட்டு வர்றவங்க முன்னாடி ஒரு ஆளு இன்னா பண்ண முடியும்னு இப்பதான் தெரியுது. எங்கிட்ட துப்பாக்கியாச்சும் இருந்துச்சு. உன் கையில ஒரு பேனாதான் இருந்துச்சு, அதுவும் அவங்க குடுத்தது. நான் கேட்டது தப்பு.

“எனக்கு இடது காது போயிடுச்சு. வலதுல கேக்குது. அம்மாவுக்குச் சொல்லலை, நீயும் சொல்லாத. பொங்கல் முடிஞ்சா ஒரு மாசம் லீவு தர்றாங்க. நீ எங்கூடப் பேச வேணாம். எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு, போதும். ரெண்டு ரிங். பையைத் தூக்கிக்கினு வந்துடறேன். ரிங் வரலைன்னா உனக்கு இன்னும் மனசு ஆறலைன்னு நெனச்சிக்கிறேன். அம்மாகிட்ட இந்தக் கடிதத்தைப் பத்திச் சொல்லப் போறதில்லை. அவங்க அழுததுக்காக நீ குடுத்த மிஸ்டு காலா அது இருக்கக் கூடாது.

“உங்க புது மனை நம்பர் எனக்குத் தெரியாது. கேட்டுக்கலை, என் திமிர். பழைய அட்ரஸுக்கே போடறேன். நம்ம தபால்காரருக்கு உன்னைத் தெரியும். நீ எங்க இருந்தாலும் கொண்டாந்து குடுத்துடுவார்.”

கீழே பெயர். அதற்கும் கீழே தன் போன் நம்பரை, அப்பாவிடம் இல்லாமல் போயிருக்குமோ என்று, ஒவ்வொரு எண்ணையும் பெரிதாக எழுதியிருந்தான்.

வெளியே யாரோ வாழைக்கன்றை இழுத்துக்கொண்டு போனார்கள். பெரியவர் கடிதத்தின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, “போன் நல்லா கீதான்னு கேட்டான் ஏட்டம்மா,” என்றார். “நீயும் இருந்த இல்ல? நான் இன்னா சொன்னேன்?”

 அவருக்கே தெரியும்.

“நல்லாத்தான் கீதுன்னேன்,” என்றார். அப்புறம் தன் இடது காதைத் தொட்டுக்கொண்டு, “நான் இந்தப் பக்கமா போயி கூப்ட்டேன்,” என்றார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. உறையை அவர் முன்னால் வைத்து, முத்திரைக்குள் இருந்த நம்பரைக் காட்டி, மாமா இது என் கையெழுத்து என்றேன். இதைப் பெட்டிக்குள் போட்டவள் நான் என்றேன். பெயரைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை என்றேன். கார்த்திகையிலேயே இது கைக்கு வந்திருந்தால் பொங்கல் முடிந்து அவன் ஒரு மாதம் வீட்டில் இருந்திருப்பான், அத்தை அவனுக்குச் சோறு போட்டிருப்பார், நான் அதைக் கெடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். 

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாக டூவீலர் ஷெட்டைப் பார்த்தார். அந்த வரிசையில் எங்கே தன் வாசற்படி இருந்தது என்று தேடுகிற மாதிரி இருந்தது. அதன் பிறகுதான் அப்படிச் சொன்னார். “உன் பேர்ல இன்னா தப்பு? எம்பேரை எழுதிக்கினு ஒரு கடுதாசி எங்கூட்டுக்கு வந்துகீது. எங்கூட்டுலதான் நானும் நின்னுக்கினு இருந்துகீறேன். அப்போ நம்ம வூடு இங்கதான் கீதுன்னு அந்தத் தபால்காரன் ஒருத்தனுக்குத்தான் ஞாபகம் இருந்திருக்குது ஏட்டம்மா. நமக்கே மறந்துபோச்சி.”

இதை நான் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் இருந்த டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தார். ஷிஃப்ட் முடிவதற்கு முன்னால் போனை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஒன்பது வருஷத்தில் மேனேஜர் வீட்டு டிரைவருக்குக்கூட நான் அதை மீறியதில்லை. பதினாலாம் அறையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன்.

கடிதத்தின் கடைசி வரியில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லி, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ரிங் போனது. ஒன்று. இரண்டு. விரலை வைத்து நிறுத்திவிட்டார். அவன் கேட்டது அவ்வளவுதான்.

போனை என்னிடம் நீட்டினார், பெட்டியில் வைத்துவிடச் சொல்வது போல. நான் கையை நீட்டியதும் திரும்ப இழுத்துக்கொண்டார். மறுபடி அந்த நம்பரையே அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, எத்தனை ரிங் போயும் நிறுத்தாமல் நின்றார்.